கண்ணாடித் தொட்டியுள் ஒரு முருகைக்கற்பார்: அளவு அறிந்து அமைத்தல்



கடலின் சிறு கூறொன்றைத் தம் இல்லத்திலே கொணர்ந்து வைத்துக் கண்டு களிக்க வேண்டும் என்னும் ஆசை மனிதருக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1853ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரின் விலங்கியற் சாலையில், மீன்களையும் கடற்சாமந்திகளையும் கண்ணாடித் தொட்டிகளிலே காட்டும் மண்டபமொன்று மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அம்முயற்சியிற் பங்குகொண்ட பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கை நூலார் அடுத்த ஆண்டில் வெளியிட்ட நூலின் வாயிலாகவே ‘அக்குவேரியம்’ என்ற சொல்லும் பரவலாயிற்று.

ஆயினும் அக்காலத்தார் பேணியவை பெரும்பாலும் குளிர்கடல் உயிர்களே. வெப்பக் கடலின் முருகைகளை உயிரோடு வளர்த்தல் அதன்பின்னும் நெடுங்காலம் கைகூடவில்லை. 1961ஆம் ஆண்டில், இந்தோனேசியாவின் ஜாகர்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் தாம் கையாண்ட முறையை அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் விளக்கினார். உயிர்ப்பாறை, கடல்நீர், சூரியவொளி, மெல்லிய காற்றுக் குமிழிகள் ஆகிய இவற்றையே துணையாகக் கொண்டு அவர் முருகைகளை வாழவைத்தார். பின்னர் ஜெர்மனி நாட்டு ஆர்வலர் வலிய விளக்குகளையும் நுரைவழியே கழிவை அகற்றும் கருவியையும் சேர்த்து அம்முறையை வளம்படுத்தினர். இன்று உலகின் பல நாடுகளில் நடுத்தர வருவாயுடைய குடும்பங்கள்கூடத் தம் வீட்டு அறையில் உயிருள்ள முருகைகளை வளர்க்கின்றன.

இத்துறையிற் புதிதாகப் புகுவோர் முதலிற் கேட்கும் வினா, எந்த விளக்கு வாங்கலாம், எந்தப் பம்பி வாங்கலாம் என்பதாகும். அவையெல்லாம் பின்னர்க் கேட்கற்பாலன. விளக்குப் பழுதானால் மாற்றலாம். பம்பி வலுக் குறைந்ததாயின் வேறொன்று பூட்டலாம். தொட்டியின் நீளத்தையோ அகலத்தையோ உயரத்தையோ நீர் நிரப்பியபின் மாற்றுதல் இயலாது. மற்றைக் கருவிகள் யாவும் இம்மூன்று அளவுகளையும் பின்பற்றியே அமைகின்றன. ஆதலின், தொட்டியின் அளவைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதையே இன்று சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில், இத்தொட்டியிற் குடியேறும் உயிரின் இயல்பை அறிதல் வேண்டும். முருகை என்பது கல்லுமன்று, செடியுமன்று, அது விலங்கு. பொலிப்பு எனப்படும் நுண்ணிய உடல்கள் பல ஒன்றுகூடி, நீரிலுள்ள கல்சியத்தைக் கொண்டு தமக்குக் கீழே சுண்ணக் கூட்டைக் கட்டுகின்றன. அவற்றின் திசுக்களுக்குள்ளே நுண்ணல்காக்கள் வாழ்கின்றன. இவ்வல்காக்கள் ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவிற் பெரும்பங்கை முருகைக்கே அளிக்கின்றன. முருகை அவற்றுக்கு உறைவிடமும் கழிவுவழி உரமும் தருகின்றது. எனவே முருகைக்கு வேண்டியவை நான்கு: நிறைந்த ஒளி, ஓயாத நீரோட்டம், மாறாத வெப்பநிலை, மாறாத நீரமைப்பு. தொட்டியின் ஒவ்வோர் அளவும் இந்நான்கில் ஏதோவொன்றைத் தொட்டே நிற்கும்.

பேச்சுக்குத் தெளிவு வேண்டி, சொற்களை வரையறுத்துக் கொள்வோம். முன்கண்ணாடியின் இடக்கோடி முதல் வலக்கோடி வரை நீளம். முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை அகலம். அடித்தட்டிலிருந்து மேல்விளிம்பு வரை உயரம். கண்ணாடி வெட்டுவோர் இன்றும் அடி அங்குலக் கணக்கை எளிதிற் கையாள்வதால், நாமும் அதனையே கொள்வோம். ஒரு கனவடி நீர் ஏறத்தாழ 28.3 இலீற்றர் என்பதை மட்டும் நினைவில் வைத்தல் போதும்.

இப்போது இரு தொட்டிகளை மனக்கண்முன் நிறுத்துங்கள். இரண்டும் நான்கடி நீளமுடையன. முதலாவது, ஒன்றரை அடி அகலமும் இரண்டடி உயரமும் உடையது. இரண்டாவது, இரண்டடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உடையது. இரண்டின் கனவளவும் ஒன்றே. பன்னிரண்டு கனவடி, அதாவது 340 இலீற்றர். கடையில் அருகருகே வைத்தால், உயர்ந்து நிற்கும் முதலாவது தொட்டியே கண்ணைக் கவரும். பலர் அதனையே வாங்குவர். ஆயினும் முருகை வளர்ப்புக்கு எல்லா வகையிலும் சிறந்தது இரண்டாவதே. அதன் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதற் காரணம் ஒளி. தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்கின் கதிர்கள் கீழ்நோக்கிச் செல்லச் செல்ல விரிந்து மெலிகின்றன. நீர் ஒளியை உறிஞ்சுவது இத்துணைச் சிறிய ஆழத்திற் சிறிதே; எனினும் கதிர் விரிவதால் ஏற்படும் இழப்புச் சிறிதன்று. இரண்டடி உயரத் தொட்டியின் அடித்தளத்தில் உள்ள முருகைக்குப் போதிய ஒளி சேர வேண்டுமாயின், மேலே பாறை முகட்டில் இருப்பதற்கு அளவுக்கு மிஞ்சிய ஒளி விழும். அது வெளிறிப்போதலுங் கூடும். மேலுள்ளதற்கு ஏற்ப ஒளியைக் குறைத்தால் கீழுள்ளது நாளடைவில் நலிந்து மடியும். உயரம் குறைந்த தொட்டியில் மேலுக்கும் கீழுக்குமுள்ள வேற்றுமை சிறிதாதலின், ஒரே விளக்கு இரண்டுக்கும் பொருந்தும்; மின்செலவும் குறையும்.

இரண்டாவது காரணம் மூச்சு. மீனும் முருகையும் சுவாசிக்கும் ஒட்சிசன் நீரின் மேற்பரப்பின் வழியாகவே பெரும்பாலும் உட்செல்கின்றது. முதலாவது தொட்டியின் மேற்பரப்பு ஆறு சதுர அடி. இரண்டாவதன் மேற்பரப்பு எட்டுச் சதுர அடி. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இது சிறு நன்மையன்று. 26 பாகை செல்சியசு வெப்பநிலையில் நன்னீர் தன்னுள் ஏந்தக்கூடிய ஒட்சிசனிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கடல்நீர் ஏந்தும். அதன்மேல், விளக்கு அணைந்த இரவில் நுண்ணல்காக்கள் ஒட்சிசனை ஆக்குவதில்லை. தொட்டியிலுள்ள அனைத்து உயிரும் அதனைச் செலவிடவே செய்யும். விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், அத்தொட்டியின் மேற்பரப்பும் அதன் அசைவும் போதா என்பதே பொருள்.

மூன்றாவது காரணம் பாறையின் அடுக்கு. இயற்கைப் பாரானது செங்குத்தான மதிலன்று. படிப்படியாகச் சரிந்து, இடையிடையே குகையும் மேடையும் உடையது. ஒன்றரை அடி அகலத்துக்குள் இரண்டடி உயரத்துக்குப் பாறை அடுக்க முயல்வோர், வேறு வழியின்றிப் பின்கண்ணாடியோடு சாய்த்துச் சுவர்போல் அடுக்குவர். அச்சுவரின் பின்னே நீரோட்டம் புகாது, கழிவு தேங்கும், அங்கிருந்து நைத்திரேற்று நாளும் பெருகும். இரண்டடி அகலமிருப்பின், பாறைக்கும் பின்கண்ணாடிக்குமிடையே இரண்டு மூன்று அங்குல வெளி விடலாம். முன்புறத்தில் கண்ணாடியைத் துடைக்கக் கைபுகும் இடமும் விடலாம். இவற்றுக்கு நடுவே அகன்ற மேடைகளாகப் பாறையை அமைக்கலாம்.

மேடையின் தேவை இன்னொரு வகையாலும் பெரிது. முருகைகள் அசையாதிருப்பதால் அவை அமைதியானவை என்று கருதற்க. சில இனங்கள் இரவிலே நீண்ட உணர்கொம்புகளை வீசி அயலவற்றைக் கொட்டுகின்றன. வேறு சில தம் சமிபாட்டு இழைகளை வெளியே நீட்டி அண்டையிலுள்ளதை உயிரோடு கரைத்து உண்கின்றன. இனத்துக்கேற்ப ஐந்தாறு அங்குலமோ அதற்கு மேலோ இடைவெளி விடல் வேண்டும். வளர்ச்சியையும் கணக்கில் எடுத்தல் வேண்டும். பருத்த கோளவடிவ முருகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். ஆனால் மான்கொம்புபோற் கிளைக்கும் முருகைகள், நிலைமை நன்றாயின், பத்துச் சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் ஓராண்டில் நீளும். இன்று விரலளவாக நடப்படும் துண்டு மூன்றாண்டில் சட்டியளவாகும். அன்று அதற்கு இடம் வேண்டுமாயின், இன்று அகலம் விட்டிருத்தல் வேண்டும்.

நான்காவது காரணம் கண்ணாடியின் தாங்குவலு. நீரின் அமுக்கம் அதன் ஆழத்தைப் பொறுத்ததேயன்றி, மொத்த அளவைப் பொறுத்ததன்று. அகலத்தை இருமடங்காக்கினும் முன்கண்ணாடிமேல் விழும் தள்ளல் மாறாது. உயரத்தை இருமடங்காக்கினாலோ அது நான்கு மடங்காகும். நான்கடி நீளமுள்ள கண்ணாடியில், ஒன்றரை அடி உயரத்துக்கு நிரம்பிய கடல்நீர் ஏறத்தாழ 130 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையோடு தள்ளும். இரண்டடி உயரத்துக்கு நிரம்பினால் அது ஏறத்தாழ 230 கிலோகிராம் ஆகும். அரையடி உயரந்தான் கூடிற்று. விசையோ நூறு கிலோகிராம் கூடிவிட்டது. ஆகவே உயரம் கூடக்கூடத் தடித்த கண்ணாடி வேண்டும். செலவும் நிறையும் ஏறும். சிலிக்கோன் பசை பிடித்திருக்கும் மூலைகளின்மேற் சுமையும் ஏறும். தடிப்பைக் குறைத்துப் பணம் மீதப்படுத்தலாம் என எண்ணுதல் அறிவுடைமையாகாது. நடு இரவில் தொட்டி பிளந்தால், உயிர்களும் போம், அறையும் பாழாம். அயலில் மின்னிணைப்பு இருந்தால் உயிராபத்தும் உண்டாம்.

ஐந்தாவது காரணம் நம் கையின் நீளம். இதனை நூல்கள் பெரிதாகக் கூறுவதில்லை. ஆனால் தொட்டியைப் பேணுபவர் அறிவர். மனிதர் கை தோளிலிருந்து விரல்நுனிவரை ஏறத்தாழ இரண்டேகால் அடி. தொட்டியின் மேல்விளிம்பைக் கடந்து, விளக்கையும் விலக்கி, அடித்தளத்தில் விழுந்த முருகைத் துண்டொன்றை எடுக்க வேண்டுமாயின், இரண்டடிக்கு மேற்பட்ட உயரம் பெருந்துன்பமாகும். எட்டாத இடம் துடைக்கப்படாத இடமாகவே எஞ்சும். முன்புறத்திலிருந்து மட்டும் கை நுழைக்கக்கூடிய தொட்டியின் அகலத்துக்கும் இதே எல்லை பொருந்தும். இரண்டரை அடிக்கு மேல் அகலம் விரும்புவோர், பின்புறத்திலும் ஆள் நிற்க வழிவிட்டே தொட்டியை அமைத்தல் வேண்டும்.

அகலமும் உயரமும் இவ்வாறாயின், நீளத்தை எதனால் முடிவு செய்வது? இங்கே மீன்களையும் நீரோட்டத்தையும் நோக்குதல் வேண்டும். கோமாளி மீன் தன் கடற்சாமந்தியைச் சுற்றியே வாழ்நாளைக் கழிக்கும். அதற்கு இரண்டடி நீளமும் போதும். வாலடியிற் கத்தி போன்ற முள்ளுடைய சேர்ஜன் மீன்களோ நாள் முழுவதும் பாரின் மேலாக நீந்தி மேய்ந்து திரிவன. அவற்றுட் சிறியவற்றுக்கும் நான்கடிக்குக் குறைந்த நீளம் சிறையேயாகும். பெரியவற்றுக்கு ஆறடியும் அதற்கு மேலும் தகும். நீளமான தொட்டியில் நீரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மாறிமாறி அலைபோல ஓட்டவும் முடியும். கிளைமுருகைகளை வளர்ப்போர், தொட்டி நீர் முழுவதையும் மணிக்கு இருபது முதல் நாற்பது தடவை சுழற்றுமளவுக்குப் பம்பிகளை அமைப்பது வழக்கம். குறுகிய தொட்டியில் அத்துணை வேகம் ஒரே பக்கத்தை அறைந்து முருகையின் திசுவை உரித்துவிடும். நீண்ட தொட்டியில் அதே வேகம் பரந்து தணிந்து பாயும்.

நீளத்தைத் தெரியும்போது விளக்கையும் ஒருங்கே எண்ணுதல் நன்று. தற்காலத்து விளக்குகளிற் பல இரண்டடிக்கு இரண்டடியான பரப்பை ஒளிரச் செய்யுமாறு அமைந்தவை. எனவே நான்கடிக்கு இரண்டு, ஆறடிக்கு மூன்று என விளக்குகள் செவ்வனே பொருந்தும். ஐந்தடித் தொட்டி வாங்கியவர் இரண்டு விளக்குப் போதாமலும் மூன்றாவது வீணாகியும் இடர்ப்படுவர். ஓரடி கூடுவது கண்ணாடிச் செலவில் மட்டுமன்றி, விளக்கிலும் மாதந்தோறும் வரும் மின்கட்டணத்திலும் கூடும் என்பதை மறத்தலாகாது.

இனிக் கனவளவைக் கவனிப்போம். சிறு தொட்டி எளிது, பெரியது கடினம் எனப் பலர் எண்ணுவர். கடல்நீர்த் தொட்டியைப் பொறுத்தவரை இது தலைகீழான எண்ணம். ஒரு கணக்கினால் இதனைக் காட்டலாம். முப்பது இலீற்றர் நீருள்ள சிறு தொட்டியிலிருந்து ஓர் இலீற்றர் ஆவியாயின், உப்புப் பின்தங்குவதால் உவர்த்தன்மை ஆயிரத்துக்கு 35 என்பதிலிருந்து 36.2 ஆக உயரும். 250 இலீற்றர் நீரில் அதே ஓர் இலீற்றர் போனால் அது 35.14 ஆகவே உயரும். கல்சியமும் அவ்வாறே. கடல்நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியம் உண்டு. முருகைகள் இரண்டரைக் கிராம் சுண்ணக் கூட்டைக் கட்டினால் ஒரு கிராம் கல்சியம் செலவாகும். அதனாற் சிறு தொட்டியில் இலீற்றருக்கு 33 மில்லிகிராம் குறையும்; பெரிய தொட்டியில் நான்கு மில்லிகிராமே குறையும். மீனொன்று பாறையிடுக்கில் இறந்து அழுகினாலும் இதே கதைதான். நீர் மிகுதியாக இருப்பின், தவறு நேர்ந்தபின் திருத்திக்கொள்ளச் சில நாட்கள் கிடைக்கும். குறைவாக இருப்பின் சில மணிநேரமே கிடைக்கும்.

ஆனால் கடைக்காரர் கூறும் கனவளவு வேறு, தொட்டியிலுள்ள நீர் வேறு என்பதையும் அறிதல் வேண்டும். நாம் தெரிந்தெடுத்த நான்கடி, இரண்டடி, ஒன்றரை அடித் தொட்டியையே எடுப்போம். அரை அங்குலத் தடிப்புள்ள கண்ணாடியாயின், உள்நீளம் 47 அங்குலம், உள்ளகலம் 23 அங்குலம். விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டு நிரப்பினால் நீரின் ஆழம் 16 அங்குலம். பெருக்கிப் பார்த்தால் 340 இலீற்றர் என்றது 283 இலீற்றராகச் சுருங்கும். பாறையும் மணலும் இட்டபின் எஞ்சுவது ஏறத்தாழ 250 இலீற்றர். மருந்தோ உப்போ கல்சியமோ இடும்போது இந்த 250ஐயே கணக்கிற் கொள்ள வேண்டும். 340 எனக் கொண்டு இடுபவர் மூன்றிலொரு பங்குக்கு மேல் மிகையாக இடுபவராவர்.

நீரின் அளவைக் கூட்டுதற்கு நல்ல வழி, மேசைக்குக் கீழே இன்னொரு தொட்டி வைப்பதாகும். மேற்றொட்டியிலிருந்து வழியும் நீர் அதனுள் இறங்கி, வடிக்கப்பட்டு, பம்பியால் மீண்டும் மேலேறும். கருவிகளையெல்லாம் கீழ்த்தொட்டியில் மறைத்தும் வைக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. மின்சாரம் தடைப்படுங்கால் பம்பி நிற்கும். மேற்றொட்டியின் வழிவாயில் மட்டத்துக்கு மேலுள்ள நீர் முழுவதும் கீழே இறங்கும். நாம் கண்ட தொட்டியில் ஓரங்குல நீர் இறங்கினால் அது ஏறத்தாழ 18 இலீற்றர். குழாய்களில் நிற்பதும் அதனோடு சேரும். கீழ்த்தொட்டியில் அதற்குரிய வெற்றிடம் எந்நேரமும் இருத்தல் வேண்டும். இன்றேல் ஒவ்வொரு மின்தடையும் அறையில் ஒரு சிறு வெள்ளமாக முடியும். மின்தடையை நன்கறிந்த நம் நாட்டவருக்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வெப்பநிலை நம்மைப்போன்ற வெப்பநாட்டாருக்குத் தனிப்பட்ட இடர்ப்பாடு. குளிர்நாட்டார் தொட்டியைச் சூடேற்றப் பாடுபடுவர். நாம் அதனைத் தணிக்கப் பாடுபட வேண்டும். முருகைத் தொட்டிக்கு 25 முதல் 27 பாகை வரை ஏற்றது. விளக்கும் பம்பியும் வெப்பத்தைச் சேர்க்க, கோடைப் பிற்பகலில் நீர் முப்பது பாகையைக் கடத்தல் எளிது. வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு பாகை வெப்பம் சில கிழமை நீடித்தாலே கடலிலுள்ள முருகைகள் தம் அல்காக்களை இழந்து வெளிறத் தொடங்கும். 1998ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் சூடேறியபோது, இலங்கையைச் சூழ்ந்த ஆழங்குறைந்த பார்களில் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலும் பெரும்பகுதி இவ்வாறு வெளிறி மடிந்தது. திருகோணமலைப் பக்கத்தன பெரும்பாலும் தப்பின. பெருங்கடலே தாங்காததைச் சிறு தொட்டி தாங்குமா?

இங்கும் அகன்ற மேற்பரப்பே துணைநிற்கும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன்கொண்டு செல்லும். 340 இலீற்றர் நீரிலிருந்து ஓர் இலீற்றர் ஆவியாயின், எஞ்சிய நீரின் வெப்பநிலையை ஒன்றரைப் பாகைக்கு மேலாகத் தணிக்கத்தக்க வெப்பம் வெளியேறும். நீர்மட்டத்தின்மேற் சிறு மின்விசிறியொன்றை வீசச் செய்தால் ஆவியாதல் விரைவுபடும். காற்று ஈரஞ்செறிந்த கரையோரத்தில் இப்பயன் சற்றுக் குறையும். அங்குக் குளிரூட்டும் பொறி தேவைப்படலாம். ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரையே விடவேண்டும்; கடல்நீரை விட்டால் உப்பு மேன்மேலும் ஏறும்.

அடுத்து நிறையையும் வீட்டையும் பற்றிச் சிந்திப்போம். அத்தொட்டியின் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 70 கிலோகிராம். நீர், பாறை, மணல், மேசை, கீழ்த்தொட்டி யாவும் சேர்ந்தால் 550 கிலோகிராமைக் கடக்கும். இச்சுமை எட்டுச் சதுர அடியில் நிற்கின்றது; சதுர அடிக்கு ஏறத்தாழ 150 இறாத்தல். வீட்டு மாடித்தளங்கள் பொதுவாகச் சதுர அடிக்கு 40 இறாத்தல் அளவான பரந்த சுமைக்கே கணக்கிட்டு அமைக்கப்படுவன. இதனால் தொட்டி வைத்த அன்றே தளம் இடியும் என்பதன்று. அறையின் ஏனைய பகுதி வெறுமையாக இருத்தலால் சுமை பகிரப்படும். எனினும் மாடியில் வைப்போர் அறை நடுவை விலக்கி, சுமைதாங்கும் சுவரை ஒட்டியும் விட்டங்களுக்குக் குறுக்காகவும் வைத்தல் வேண்டும். பெருந்தொட்டியாயின் பொறியியலாளர் ஒருவரின் சொற்கேளாது வைத்தலாகாது. நிலத்தளத்திற் சீமெந்துத் தரைமேல் வைப்பவருக்கு இக்கவலை குறைவு. எங்கு வைத்தாலும் மேசை நீர்மட்டத்துக்குச் சரியாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் கண்ணாடியின் மூலைகள் வேண்டாத சுமையை ஏற்கும்.

வாங்குமுன் வாயிலையும் அளத்தல் நன்று. படிக்கட்டின் திருப்பத்தில் ஆறடிக் கண்ணாடிப் பெட்டி திரும்புமா, நால்வர் தூக்கிச்செல்ல இடமுண்டா என்பதைத் தொட்டி வந்திறங்கிய பின் ஆராய்வதிற் பயனில்லை. நேர்வெயில் விழும் சாளரத்தருகையும் தவிர்க்க. அங்கே வெப்பமும் வேண்டாத அல்காவும் பெருகும்.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து மூன்று அளவுகளைக் குறிப்பிடலாம். முதன்முதலாகத் தொடங்குபவர், மென்முருகைகளும் இரண்டொரு சிறு மீன்களும் போதுமெனில், மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொள்ளலாம். கனவளவு 190 இலீற்றர். இதனிலுங் குறைதல் தொடங்குபவருக்கு நன்றன்று. பலவகை முருகைகளைக் கலந்து வளர்க்க விரும்புவோருக்கு நாம் ஆராய்ந்த நான்கடி, இரண்டடி, ஒன்றரை அடித் தொட்டி தக்கது. இரண்டங்குல உயரம் கூட்டினும் பழுதில்லை. நீந்தித் திரியும் பெரிய மீன்களையும் கிளைமுருகைகளையும் சேர்த்து வளர்க்கும் வசதியும் அனுபவமும் உடையோர் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வரை செல்லலாம். அது 680 இலீற்றர். மூன்றிலும் அகலம் உயரத்திற் குறையாதிருத்தலை நோக்குக. உருளை வடிவமும் வளைந்த முகப்பும் பார்வைக்கு அழகாயினும், உள்ளிருப்பவற்றின் உருவைத் திரித்துக் காட்டும், துடைப்பதற்கும் அரியன. நேரான பெட்டி வடிவமே நலம்.

இறுதியாக, அளவைவிட முதன்மையானதொன்றைக் கூறாது விடுதல் முறையாகாது. தொட்டிக்குள் வைக்கும் முருகை எங்கிருந்து வருகின்றது? இலங்கையிற் கன்முருகைகள் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்படுவன; கடலிலிருந்து அவற்றைப் பெயர்த்தெடுத்தல் குற்றமாகும். 1973ஆம் ஆண்டில் வாஷிங்டனிற் கைச்சாத்திடப்பட்ட சர்வதேச உடன்படிக்கையின்கீழ், கன்முருகைகளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அனுப்புதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். இன்று பல நாடுகளில் ஒரு தாய் முருகையிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளைப் பண்ணைகளில் வளர்த்து விற்கின்றனர். சட்டம் இடந்தருமிடத்து, அத்தகைய வளர்ப்புத் துண்டுகளை உரிய பத்திரங்களோடு பெறுவதே நேர்மையான வழி. ஆகவே தொட்டிக்கு அளவெடுக்குமுன், தாம் வாழும் நாட்டின் சட்டத்தை உரிய திணைக்களத்திற் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வாறு கூறுவதற்குக் காரணமுண்டு. முருகைக்கற்பார் மீனினத்தின் தொட்டில், கரைக்கு அரண். சுண்ணாம்புக்காக நம் கரையோரங்களிற் பல தலைமுறையாகப் பார்கள் உடைக்கப்பட்டன. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின் தென்மேற்குக் கரையை ஆராய்ந்தவர்கள், முருகை அகழப்பட்ட இடங்களிலே கடல் கூடுதலான தூரம் உட்புகுந்திருந்ததைக் கண்டனர். மான்கொம்பு முருகை சில ஆண்டிற் கிளைக்கலாம்; பார் ஒன்று உருவாகவோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும்.

தொட்டியை வாங்குமுன் வீட்டுத் தரையிலே சோக்கினால் அதன் நீள அகலத்தை வரைந்து பாருங்கள். மேசை, கை நுழையும் இடம், விளக்கு, மின்னிணைப்பு, நாளொன்றுக்கு அதற்கென ஒதுக்கக்கூடிய அரைமணி நேரம் ஆகிய யாவும் அக்கோட்டுக்குள் அடங்குமா என ஒரு கிழமை எண்ணிப் பாருங்கள். அடங்குமெனில் தொடங்கலாம். அடங்காதெனிற் புறாத்தீவுக்கோ ஹிக்கடுவைக்கோ சென்று, கடலிலேயே அவற்றைக் கண்டு மீளலாம். அங்கும் முருகைமேற் கால் வைக்காதிருத்தல் நம் கடமை.